நாலாவது அலமாரி

அண்ணாச்சி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் அடைச்சிருங்களேன். தூசி வருது. ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான், குரும்பூர் தாண்டுற வரைக்கும் இப்படித்தான் இருக்கும். நல்லா அடைச்சிருங்க. ஆங், போதும். எனக்கொண்ணும் இல்ல, தூசி தின்னே வளந்த உடம்பு. மடியில இருக்கிற இந்தப் பொட்டிக்குத்தான் ஆகாது.

என்னதுன்னு பாக்கீங்களா? ஸ்கேனர். ஆஸ்பத்திரி ஸ்கேன் இல்ல, கட்டடத்துக்கு எடுக்கிற ஸ்கேன். முன்னாடில்லாம் இதத் தூக்கிட்டுப் போக ஆபீஸ்ல கார் குடுப்பாங்க. இப்ப கார் பேச்சே கிடையாது. பஸ்ஸில வச்சுக் கொண்டு போங்க பிரமநாயகம், பத்திரம்னு சொல்லிட்டு சார் அடுத்த போனுக்குப் போயிட்டாரு. கொஞ்ச நாளா எம் மேல அப்படி ஒரு பாசம்.

எனக்குப் பாளையங்கோட்டை. நீங்க? ஜங்ஷன் வரைக்குமா? அப்ப ஒண்ணாத்தான் போறோம். எனக்கும் யார்கிட்டயாவது சொல்லணும்னு இருக்கு. வீட்டுல சொன்னா வீட்டுல எம் பக்கம் பேச ஆளில்ல. ஆபீஸ்ல சொன்னா, அதான் முடிஞ்சுபோச்சே, விடுங்கங்காங்க. முடிஞ்சு போச்சாம். யாருக்கு முடிஞ்சு போச்சு?

எங்க வேலை என்னன்னா, பழைய வீடு, பழைய பள்ளிக்கூடம், சர்ச்சு, இந்த மாதிரி இருக்குல்லா, அத இடிக்காம புதுப்பிக்கணும்னு வருவாங்க. புதுக் கட்டடம்னா பிளான் போட்டுக் கட்டிரலாம். பழசுக்கு ஏது பிளான்? அம்பது வருஷம் முந்திக் கட்டினவரு மனசுல வச்சிருந்திருப்பாரு, அவரோட போயிருக்கும். அதனால நான் இந்த மெஷினக் கொண்டுபோய் அறைக்கு அறை நிறுத்துவேன். அது நின்ன இடத்துல சுத்தும். சுத்தச் சுத்த வெளிச்சத்தப் புள்ளி புள்ளியா அடிக்கும். எங்கெங்க புள்ளி பட்டுதோ அத்தனையும் சேத்து கம்ப்யூட்டர்ல அப்படியே ஒரு வீடு எந்திரிச்சு நிக்கும். அது மேலதான் நான் வரைவேன். இது சுவரு, இது உத்தரம், இது ஜன்னல்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு குடுக்கணும். இருக்கட்டும்னா சாம்பல் கலரு. இடிக்கணும்னா சிவப்பு. புதுசா வாறது பச்சை. ஒரு செங்கலத் தொடுறதுக்கு முன்னாலயே சண்டைய எல்லாம் கம்ப்யூட்டர்ல வச்சு முடிச்சிரலாம். அதான் இதோட விசேஷம். சண்டையே வராதுன்னுதான் சொல்லி விக்காங்க.

மெஷின் பொய் சொல்லாது அண்ணாச்சி. அது ஒண்ணு மட்டும் நீங்க மனசுல வச்சுக்கிடணும். அதுக்கு ஒரே ஒரு குறை உண்டு. வெளிச்சம் பட்டாத்தான் அதுக்குத் தெரியும். ஒரு பீரோ நின்னுதுன்னு வைங்க, பீரோவுக்குப் பின்னால ஒண்ணுமே இருக்காது, கருப்பா ஓட்டை விழுந்து கெடக்கும். ஆளு நின்னாலும் அப்படித்தான். கம்ப்யூட்டர்ல ஆள அழிச்சிரலாம், அது லேசு. ஆனா ஆளு நின்ன இடத்துல அதே அளவுக்கு ஓட்டை நிக்கும். அதப் பக்கத்துச் சுவரப் பாத்து நாமதான் இழுத்துச் சரிபண்ணணும். ஓட்டை அடைக்கிறதுன்னு சொல்லுவோம் ஆபீஸ்ல. அந்த எளவெடுத்த வேலை வேண்டாம்னுதான் ஸ்கேன் எடுக்கும்போது வீட்டுல யாரும் நிக்கக் கூடாதும்போம்.

சரி, கதைக்கு வாறேன்.

ஊர் பேரு வேண்டாம். காயல்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருன்னு வச்சுக்கிடுங்க. கடலோரம், முஸ்லிம் ஆட்கள் தெரு. அங்க வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தான். நம்மள மாதிரி பொண்ணக் கட்டிக் கூட்டிட்டு வாறது இல்ல, மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போகணும். ஒரு வாப்பா, அவருக்கு ரெண்டு மக. ரெண்டு பேருக்கும் ஒட்டினாப்புல ரெண்டு வீடு, நடுவுல ஒரே சுவரு. முழங்கை நீளத்துக்கு மொத்தமான சுண்ணாம்புச் சுவரு. இப்ப அப்படிக் கட்ட ஆளே இல்ல, சரி, அத விடுங்க.

மூத்தவங்க பாத்திமுத்து அம்மா. இளையவங்க ஹவ்வா அம்மா. ரெண்டு பேரும் அறுபதத் தாண்டினவங்க, ரெண்டு பேருக்குமே வீட்டுக்காரர் இல்ல. பாத்திமுத்து அம்மாவுக்கு ஒரு மக, ஃபாஹிமான்னு, துபாய்ல இருக்கு. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆசை. வீட்டப் புதுப்பிச்சு முன்பக்கத்த வெளியூர்க்காரங்க வந்து தங்குற மாதிரி ஆக்கணும், உம்மா பின்கட்டுல இருந்துக்கிடட்டும்னு. மெட்ராஸ்ல ஒரு ஆர்க்கிடெக்ட்டப் பிடிச்சுது. அவங்க ஸ்கேன் வேலைய எங்க ஆபீஸுக்குத் தள்ளினாங்க. ஆபீஸ் எந் தலையில கட்டுச்சு.

ஹவ்வா அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கல. பொம்பளைங்க புழங்குற வீட்ட ஒட்டி அந்நிய ஆளக் கொண்டாந்து தங்க வைக்கதான்னு அக்காகிட்டக் கேட்டிருக்காங்க. அக்காவும் ஏதோ திருப்பிச் சொல்லியிருக்காங்க. பொறவு ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க, ஆனாலும் சொன்ன சொல்லு சொன்னதுதானே. இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போவுது, நான் சுவர அளக்கப் போனவன்.

ஸ்கேன் எடுக்கிற அன்னைக்குக் காலையில போய் வாசல்ல நின்னு குரல் குடுத்தேன். வாங்க தம்பி, வீட்டுல யாரும் இல்ல, நீங்க வேலையப் பாருங்கன்னு உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துது. ஒரு நாலஞ்சு எண்ணி உள்ள போறேன், நெசமாவே யாரும் இல்ல. நல்ல மரியாதைப்பட்ட ஆளுகன்னு நினைச்சுக்கிட்டேன். வாசல் ஒண்ணுதான், வாசல்ல நான் நிக்கேன், என்னத் தாண்டி ஒரு ஆள் போகல. அப்ப எப்படி வெளிய போனாங்கன்னு கேக்கீங்களா? அத நான் அன்னைக்கு யோசிக்கல. யோசிக்கிறது என் வேலையும் இல்லல்லா. பேட்டரி மாத்த வாசலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா, மேசை மேல சுடச்சுட டீ இருக்கும், தட்டுல வாடா இருக்கும், அரிசி மாவுல சுடுற அந்த ஊர்ப் பலகாரம். அடுப்படிய ஸ்கேன் எடுக்கேன், அடுப்பு பச்சத் தண்ணியா கெடக்கு. நல்ல டீ அண்ணாச்சி. இஞ்சி தட்டிப் போட்டது.

அந்த நடுச் சுவர்ல வரிசையா நாலு சுவர் அலமாரி. தேக்குக் கதவு, பித்தளைக் குமிழு. தரையில இருந்து ஆள் உயரத்துக்கு நாலும் ஒரே மாதிரி, ஒரே ஆசாரி செஞ்சது. மூணத் தொறந்து பாத்தேன். ஒண்ணுல பீங்கான், ஒண்ணுல துணி, ஒண்ணுல ஓதுற கித்தாபு. நாலாவது பூட்டியிருந்துது. இழுத்துப் பாத்தேன், வரல. நகைநட்டு வச்சிருப்பாங்க, நமக்கென்னத்துக்குன்னு விட்டுட்டேன். மாடல்ல பேரு குடுக்கும்போது அலமாரி ஒண்ணு, அலமாரி ரெண்டு, அலமாரி மூணு, அலமாரி நாலு. இதுல எம் மேல என்ன தப்பு, சொல்லுங்க. கூட நிக்கிற மூணும் அலமாரியா இருந்தா நாலாவது என்ன, ரயில்வே கேட்டாவா இருக்கும்?

ஆமா அண்ணாச்சி. அது கதவு. தங்கச்சி வீட்டுக்குப் போற கதவு.

நான் வாசல்ல குரல் குடுத்ததும் அந்தம்மா அது வழியாத்தான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. நான் வாறேன்னு பின்னால பூட்டிக்கிட்டும் போயிருக்காங்க. டீ அது வழியாத்தான் வந்திருக்கு. அந்தத் தெருவுல அப்படித்தானாம், பொம்பளைங்க தெருவுல இறங்காம வீட்டுக்கு வீடு போய்வர உள்ளுக்குள்ளயே வழி வச்சுக் கட்டுவாங்களாம். இந்தக் கதவுக்கு வீட்டுல நாலாங்கதவுன்னு பேராம். வரிசையில நாலாவதா இருக்கிறதால, சின்னப் பிள்ளையில இவங்க ரெண்டு பேரும் வச்ச பேரு. வீட்டுக்குள்ள வச்ச பேரு மெஷினுக்கு எப்படித் தெரியும்? நான் உள்ள இருந்த நேரம் முச்சூடும் பூட்டியிருந்த கதவ அது எப்படிக் கதவுன்னு சொல்லும்? அதுக்கு முன்னால கெடந்தது பலகை. பலகையப் பலகைன்னு காட்டுச்சு.

பொறவு மீட்டிங். எல்லாம் கம்ப்யூட்டர்லதான். துபாய்ல இருந்து மக, மெட்ராஸ்ல இருந்து ஆர்க்கிடெக்ட், ஊர்ல இருந்து பாத்திமுத்து அம்மா. அவங்க கேமராவப் போட மாட்டாங்க, குரல் மட்டும்தான். எத்தனை மீட்டிங் பேசியிருப்பேன், அதுவரை அவங்க முகத்த நான் பாத்ததில்ல. நான் மாடலத் தொறந்து, கூரையத் தூக்கிட்டு, மேல இருந்து வீட்டச் சுத்திச் சுத்திக் காட்டுதேன். அந்தம்மா போன்ல பாக்காங்க. தெரியுதாம்மான்னு கேட்டா தெரியுது தம்பிங்காங்க. என்ன தெரிஞ்சிருக்கும்? யாரு தன் வீட்ட மேல இருந்து கூரையில்லாமப் பாத்திருக்கா, காக்காயத் தவிர?

ஆர்க்கிடெக்ட்டு சொல்லுதாங்க, மூணு அலமாரியும் அழகா இருக்கு, மெருகு போட்டு வச்சிரலாம், நாலாவது இருக்கிற இடத்துல கட்டில் தலைமாடு வருது, மேல ஏ.சி. மாட்டணும், அங்க சுவரு கெட்டியா வேணும்னு. இங்கிலீஷ்ல சொன்னாங்க. அந்தம்மாவுக்குப் புரியணுமேன்னு நான்தான் தமிழ்ல கேட்டேன். நான் கேக்கலன்னா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அத யாரும் நெனச்சுப் பாக்க மாட்டேங்காங்க.

"மூணும் அப்படியே இருக்கட்டும்மா. நாலாவத மட்டும் அடைச்சிரலாமா?"

அவங்க சொன்னாங்க, "ஆமா தம்பி. வேல நடக்கும்போது தூசி போயிரும். நல்லா அடைச்சிருங்க."

கேட்டுக்கிடுங்க. நல்லா அடைச்சிருங்க. அவங்க வாயால சொன்னது. எங்கிட்டப் பதிவு இருக்கு. இப்ப வேணும்னாலும் போட்டுக் காட்டுவேன். நான் செங்கலுக்குப் பச்சைக் கலரு குடுத்தேன்.

என்ன அண்ணாச்சி, ஜன்னலக் காட்டுதீங்க? ஆமா, அடைக்கத்தான் சொன்னேன். அது கண்ணாடி, அடைன்னா அடைக்கிறது. அது வேற, இது வேற. இது வேலை. வேலையில அடைன்னா செங்கல் வச்சுத்தான் அடைக்கிறது. எங்க வீட்டுலயும் ராத்திரி கதவ அடைன்னுதான் சொல்லுவோம், அதுக்காகக் கொத்தனாரயா கூப்பிடுதோம்? இடம் பொருள் பாத்துப் பேசணுமா இல்லையா?

வேலை தொடங்கிச்சு. பாத்திமுத்து அம்மா ரெண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்குப் போயிட்டாங்க. தங்கச்சி வீட்டுல இருந்திருக்கலாம். அங்கயும் தூசி, நெருக்கடி, தங்கச்சிக்கு இழுப்பு வேற, தொந்தரவு வேண்டாம்னு இருந்திருக்காங்க. கொத்தனார் எனக்குப் போன் போட்டாரு. சார், நாலாவது அலமாரியில தட்டே இல்லையே, உள்ள வெறும் பலகைதான் இருக்குன்னாரு. கரையான் தின்னிருக்கும், நீரு அடையும்னேன். அந்தப் பலகை தங்கச்சி வீட்டுப் பக்கத்துக் கதவு. தூசிக்காக அவங்களும் பூட்டி வச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் கதவு, நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடம். எம் மாடல்ல அதக் கொத்தனார் சொன்ன அளவ வச்சுப் பின்பலகைன்னு போட்டுட்டேன். அளவு துளி பிசகல. அளவுல எவனும் குறை சொல்ல முடியாது.

பொறவு ஒரு நாள் தூசி அடங்கியிருக்கும்னு ஹவ்வா அம்மா தன் பக்கத்துக் கதவத் தொறந்திருக்காங்க. செங்கல்.

பாத்திமுத்து அம்மாவுக்குச் சேதி போய், அவங்க பதறிக்கிட்டுத் தெருவழியா ஓடியிருக்காங்க. தங்கச்சி வீட்டு முன்வாசல்ல போய் நின்னது அன்னைக்குத்தான் மொதத் தடவையாம், கல்யாணம் காட்சியத் தவிர. தங்கச்சி கேட்டாங்களாம், செங்கல் வச்சு அடைச்சிட்டு வாசல் வழியா விருந்தாளி மாதிரி வாறியா லாத்தான்னு. லாத்தான்னா அக்கா. நான் சொல்லவே இல்லட்டீ, அல்லா மேல ஆணைன்னு இவங்க சொல்லியிருக்காங்க. தங்கச்சி நம்பல. நான் வெளியாட்களப் பத்திச் சொன்னது உனக்கு ஆகல, அதுக்குத்தான் இதுன்னுட்டாங்க.

அப்பத்தான் துபாய்ல இருந்து அந்தப் பிள்ளை எனக்குப் போன் போடுது. அழுகை. உம்மா சாப்பிடல, சாச்சி, அதான் சித்தி, மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க, நீங்க நேர்ல போய் எந் தப்புதான்னு சாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க சார், செங்கல எடுத்துரலாம், கட்டில வேற பக்கம் போட்டுக்கிடலாம்னு. நான் சொன்னேன், வந்து விளக்கிச் சொல்லுதேம்மா. எந் தப்புன்னு சொல்லுதேன்னு சொல்லல. விளக்கிச் சொல்லுதேன்னுதான் சொன்னேன். அதுவும் பதிவுல இருக்கு.

உங்களுக்குக் கோவம் வருதோ என்னமோ. நான் ஏன் சொல்லணும், அதச் சொல்லுங்க. முன்ன ஒரு வேலையில, ஒரு பள்ளிக்கூடம், உத்தரத்துல அளவு மாறிப்போச்சு. எம் மாடல்ல சரியாத்தான் இருந்துது, சைட்ல இருந்தவன் பழைய படத்தப் பாத்துக் கட்டிட்டான். சார் வந்து தோள்ல கையப் போட்டு, பிரமநாயகம், நீங்க சீனியர், உங்க பேர்லயே இருக்கட்டும், பிரச்சினை முடியட்டும்னாரு. தலைய ஆட்டினேன். முடிஞ்சுதா? அன்னையில இருந்து எங்க என்ன நடந்தாலும், பிரமநாயகம் வரைஞ்சதா, சரியாப் பாத்துக்கிடுங்கங்கான். நேத்து வந்த பயலுக்கெல்லாம் டீம் குடுத்தாங்க, நான் இன்னும் பொட்டி தூக்குதேன். அன்னைக்குத்தான் ஒரு முடிவு பண்ணினேன். இனிமே யாரு வாயில இருந்து என்ன வந்தாலும் பதிவு பண்ணிருவேன். எந் தப்புங்கிற வார்த்தை இனி எவனுக்காகவும் எவளுக்காகவும் என் வாயில இருந்து வராது.

போனேன். ஹவ்வா அம்மா வீட்டு முன்கூடத்துல என்ன உக்கார வச்சாங்க. அவங்க திரைக்கு அந்தப் பக்கம். பாத்திமுத்து அம்மா துப்பட்டியப் போத்திக்கிட்டு, தெருவழியா வந்து, கூடத்து ஓரமா நின்னாங்க. தங்கச்சி வீட்டுல உக்காரல, உக்காருன்னும் யாரும் சொல்லல. நான் லேப்டாப்பத் தொறந்து மாடலச் சுத்திக் காட்டினேன். இது அலமாரி, இது அலமாரி, இது அலமாரி, இதுவும் மெஷினுக்கு அலமாரிதான்னு பொறுமையா சொன்னேன். திரைக்குப் பின்னால இருந்து ஹவ்வா அம்மா கேக்காங்க, அதுல எங்க வீடு எங்க தம்பின்னு. உங்க வீடு இதுல வராதும்மா, எல்லைச் சுவரோட மாடல் முடிஞ்சிருதுன்னேன். உண்மையத்தானே சொல்ல முடியும்.

பாத்திமுத்து அம்மா எங்கிட்ட வந்து மெதுவா, தம்பி, தெரியாம நடந்துபோச்சுன்னு மட்டும் சொல்லிருங்க, போதும்னாங்க. நல்ல மாதிரியாத்தான் கேட்டாங்க. நான் இல்லேங்கல. ஆனா எம் மனசுல அந்தப் பள்ளிக்கூடத்து உத்தரம் வந்து நிக்கி. சாரு தோள்ல கையப் போட்டது வந்து நிக்கி. இதுக்குத் தலையாட்டினா நாளைக்கு ஆபீஸ்ல இதும் எம் பேர்ல ஏறும். பதிவப் போட்டுட்டேன்.

அந்தக் கூடத்துல சத்தம் எப்படி எடுக்குதுங்கீங்க. எங் குரலு, நாலாவத மட்டும் அடைச்சிரலாமா. பொறவு அவங்க குரலு, ஆமா தம்பி, தூசி போயிரும், நல்லா அடைச்சிருங்க. பக்கத்துல நின்னு சொல்லுத மாதிரி தெளிவா இருந்துது.

பொறவு திரைக்குள்ள இருந்து, "சொல்லவே இல்லன்னு அல்லா மேல ஆணையிட்டியே லாத்தா."

"சாத்தி வைக்கத்தான்ட்டீ சொன்னேன்! உனக்கு இழுப்பு வந்திரும், தூசி உன் வீட்டுக்குப் போயிரும்னு கதவச் சாத்தச் சொன்னேன்." அப்படியே எம் பக்கம் திரும்புதாங்க. துப்பட்டி நழுவிப் போச்சு, அதக்கூடப் பாக்கல. அன்னைக்குத்தான் அவங்க முகத்த நான் மொதமொதல்ல பாத்தேன். "நீங்க சொல்லுங்க தம்பி. நான் சாத்தத்தானே சொன்னேன்?"

நான் என்ன சொல்ல முடியும்? அவங்க மனசுக்குள்ள என்ன இருந்துதுன்னு நான் கண்டேனா? மெஷினுக்கே வெளிச்சம் பட்டாத்தான் தெரியும்ங்கும்போது நான் எம்மாத்திரம். "பதிவுல இருக்கிறதுதான்மா எனக்குத் தெரியும்"னேன். ஒரு தப்பான வார்த்தை இல்ல. நீங்களே சொல்லுங்க, அதுல ஒரு பொய் உண்டா?

ஹவ்வா அம்மா திரைக்கு அந்தப் பக்கத்துல இருந்தே எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. காலடிச் சத்தம் மட்டும் கேட்டுது. எனக்கு டீ வரல. நான் எதிர்பாக்கவும் இல்ல.

அடுத்த வாரம் அவங்க பக்கத்துக் கதவயும் கழத்திட்டு, பூசி, வெள்ளையடிச்சிட்டாங்கன்னு சேதி வந்துது. இந்தப் பக்கத்துச் செங்கல எடுக்கிறதுன்னா ஒரு நாள் வேலைதான் அண்ணாச்சி, எடுத்துட்டா மட்டும்? அந்தப் பக்கம் வழி விடணும்லா. ஃபாஹிமா ஆபீஸுக்கே போன் போட்டு, இனிமே அந்தாளு எங்க வேலைக்கு வேண்டாம்னு சொல்லிட்டுது. அந்தாளு! பதிவு சரி, மாடல் சரி, அளவு சரி. ஆளு மட்டும் சரியில்லையாம்.

எங்க வீட்டுல கோமதிகிட்டச் சொன்னேன். அவளாவது எம் பக்கம் பேசுவான்னு பாத்தேன். ஆமாம்மா, சாத்தத்தான் சொன்னீங்க, எங் காதுல அது விழல, அப்படின்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க தலையில இருந்து கிரீடம் விழுந்திருமான்னு கேக்கா. பள்ளிக்கூட வேலையில உங்க சார்கிட்டக் காட்ட வேண்டிய கோவத்த ரெண்டு கெழவிங்க மேல காட்டிட்டு வந்திருக்கீங்கங்கா. கோவமா? எனக்கு யாரு மேலயும் கோவம் கிடையாது. அலுப்புதான். அத அவகிட்டச் சொல்லிப் புரிய வைக்க முடியல. அதுக்குப் பொறவு வீட்டுல பேச்சே கொறஞ்சுபோச்சு. என்னத்துக்குப் பேசணும், பேசினாத்தான வம்பு.

இன்னைக்கு ஏன் போனேன்னு கேக்கீங்களா? வேலை முடிஞ்சாக் கடைசியா ஒரு ஸ்கேன் எடுத்துக் குடுக்கணும், அது ஒப்பந்தம். வேற ஆள் இல்ல, எல்லாரும் வேற சைட்டு. ஆள் வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கு அதே ஆள அனுப்புதாங்க, பஸ்ஸில. போனேன்.

வீடு நல்லா வந்திருக்கு, அதச் சொல்லணும். அந்த மூணு அலமாரியும் மெருகு போட்டு மின்னுது. நாலாவது இருந்த இடம் தெரியல, சுவரோட சுவரா ஆயிட்டுது. கட்டிலு இன்னும் வரல. ஏ.சி. மட்டும் மேல தொங்குது. வாசல்ல நின்னு குரல் குடுத்தேன். வாங்கன்னு உள்ள இருந்து சத்தம் வந்துது. நாலஞ்சு எண்ணி உள்ள போறேன், பாத்திமுத்து அம்மா நடு அறையில நிக்காங்க. துப்பட்டிய இழுத்துப் போத்திக்கிட்டு நிக்காங்க. எனக்குச் சங்கடமாப் போச்சு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய் இருங்கம்மான்னு சொல்லிட்டேன். பழக்கதோஷம், வாயில வந்துட்டுது. அவங்க என்னப் பாத்தாங்க.

"எங்க போக, தம்பி?"

திட்டல அண்ணாச்சி. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். கேட்டாங்க, அவ்வளவுதான். கேட்டுட்டு அந்தப் பூசின இடத்துல போய், சுவரோட முதுகச் சாச்சு, காலக் குறுக்கிக்கிட்டு உக்காந்துட்டாங்க. வெளிய வெயிலு. அந்த வயசுல தெருவுல போய் நில்லுங்கன்னு சொல்ல முடியுமா? மெஷினப் போட்டேன். அது பாட்டுக்குச் சுத்துச்சு. நான் வாசல்ல போய் நின்னேன். மூலைக்கு மூலை மாத்தி மாத்தி வச்சு எடுத்தேன். ஒவ்வொரு தடவை உள்ள போகும்போதும் அப்படியேதான் உக்காந்திருந்தாங்க. டீயா? நீங்க வேற.

வரும்போது திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து லேப்டாப்பத் தொறந்து பாத்தேன், எல்லாம் வந்திருக்கான்னு. தப்பா எடுத்திருந்தா திரும்பவும் அங்க போகணும், அது முடியாது எனக்கு. எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. அவங்களும் வந்திருக்காங்க, புள்ளி புள்ளியா. அவங்கள அழிச்சுப் பாத்தேன். அது லேசுன்னு சொன்னேன்லா, ரெண்டு தட்டு தட்டினாப் போதும். ஆனா சுவரோட ஒட்டி உக்காந்துட்டதால எந்த மூலையில இருந்து எடுத்ததுலயும் அவங்க முதுகுக்குப் பின்னால மெஷினுக்கு ஒண்ணும் தெரியல. நல்ல சுவருதான், பூசினது, வெள்ளையடிச்சது, அங்கதான் இருக்கு. ஆனா மாடல்ல பாத்தா, சரியா அந்த நாலாவது இருந்த இடத்துல, ஒரு ஆள் குனிஞ்சு போற அளவுக்கு ஓட்டை. அது வழியாப் பாத்தா அந்தப் பக்கம் தெரியும் போல இருக்கு.

செய்துங்கநல்லூர் வந்துட்டுதா? இனி ரோடு நல்லா இருக்கும், கண்ணாடியத் தொறந்துக்கிடுங்க, காத்து வரட்டும்.

நாளைக்கே குடுக்கணுமாம். ஆபீஸ்ல போய் உக்காந்து, அதையும் நான்தான் அண்ணாச்சி அடைக்கணும்.